கீமோ மருந்தே புற்றுநோய் தருமா? அல்கைலேற்றிகள் டிஎன்ஏவில் செய்யும் வேலை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவரின் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். இணையத்தில் தேடினால் அதே மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களுக்கான முதல் பிரிவில் இருக்கிறது. நோயைத் தருவதையே மருந்தாக ஏற்றுவது என்ன நியாயம்? இந்த மருந்தைப் போன்ற அல்கைலேற்றும் ரசாயனங்கள் புற்றுநோய் தருவதை உண்மையிலேயே நிரூபித்திருக்கிறார்களா? வயிற்று எரிச்சலுக்குப் போடும் ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோய் தரும் பொருள் அகப்பட்ட விவகாரமும் இதே கதைதானா? அப்புறம், அத்தையின் துணியைத் துவைக்கிற எனக்கு ஏதாவது ஆகுமா?

நான் மருத்துவர் இல்லை. மருந்துகள் மரபணுவைச் சேதப்படுத்துகின்றனவா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அத்தையின் சிகிச்சையை மாற்றுவது நிறுத்துவதெல்லாம் அவருடைய மருத்துவரோடு பேச வேண்டியது, நான் அறிவியலை மட்டும் சொல்கிறேன்.

ஆமாம், அல்கைலேற்றிகள் புற்றுநோயை உண்டாக்கும், அதில் சந்தேகம் எதுவும் மிச்சம் இல்லை. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு கொடிய விஷம் என்பதும் எவ்வளவு புற்றுநோய் தரும் என்பதும் ஒரே கணக்கு அல்ல, பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான். செத்துப்போன செல்லிலிருந்து புற்றுநோய் வராது. அடி வாங்கியும் சாகாமல், டிஎன்ஏவில் ஒரு தவறை வைத்துக்கொண்டு பிரிந்து பெருகுகிற செல்லிலிருந்துதான் வரும். எந்தச் செல் சாகும், எது தவறோடு பிழைக்கும், அதைத் தீர்மானிப்பது எது என்பதுதான் இந்தத் துறையில் எண்பது வருடமாக நடக்கும் தேடல்.

வேதியியலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பயப்பட வேண்டாம். அல்கைல் என்பது மெத்தில், எத்தில் மாதிரி கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு. அல்கைலேற்றி என்றால் அந்தத் துண்டை இன்னொரு மூலக்கூறின் மேல் ஒட்டிவிடும் பொருள். ஒட்டும் துண்டு எலக்ட்ரானுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும், செல்லுக்குள் எலக்ட்ரான் தாராளமாக இருக்கும் இடங்களைத் தேடிப் பிடிக்கும். தண்ணீரில் ஒட்டினால் வீண், புரதத்தில் ஒட்டினால் பெரும்பாலும் அந்தப் புரதத்தோடு போயிற்று. டிஎன்ஏவில் ஒட்டினால்தான் வினை, ஏனென்றால் அது அடுத்த தலைமுறைச் செல்லுக்குப் படியெடுக்கப்படுவது. டிஎன்ஏவின் எழுத்துகளாக இருக்கும் நான்கு காரங்களில் குவானின்தான் அதிகம் அடி வாங்கும், அதிலும் ஏழாவது இடத்து நைட்ரஜன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விஞ்ஞானிகளைப் பல வருடம் தவறான பக்கம் பார்க்க வைத்தது இந்த நைட்ரஜன்தான்.

கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர அருகே ஜெர்மானியப் படை மஸ்டர்ட் வாயுவை முதல்முறையாகப் பயன்படுத்தியது. தோல் கொப்பளித்தது, கண் போயிற்று, நுரையீரல் வெந்தது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் செத்தவர்களின் உடலை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள், ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து எலும்பு மஜ்ஜை காலியாகிக் கிடந்தது. வேகமாகப் பிரியும் செல்களை இது குறிவைக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்த ஒரே பொருளைப் பற்றி இரண்டு இடங்களில் வேலை நடந்தது, இரண்டுமே ராணுவ ரகசியம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மனும் ஆல்ஃப்ரெட் கில்மனும் மஸ்டர்டின் நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். கட்டிகள் கரைந்தன. பிறகு திரும்பி வந்தன, அவர் பிழைக்கவில்லை. இருந்தாலும் இன்று நாம் கீமோ என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான்.

அதே காலத்தில் எடின்பரோவில் ஷார்லட் அவர்பாக். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதப் பெண் விஞ்ஞானி இவர். எக்ஸ் கதிர் பட்டால் பழ ஈக்களில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் நிரந்தர மாற்றம், வரும் என்று ஹெர்மன் முல்லர் 1927-இலேயே காட்டியிருந்தார். மஸ்டர்ட் வாயுப் புண் ஆறாமல் இழுத்தடிப்பது எக்ஸ் கதிர்ப் புண்ணைப் போலவே இருக்கிறதே, அப்படியானால் அதுவும் மரபணுவைத் தொடுகிறதோ என்று ஒரு சந்தேகம். அவர்பாக்கும் ஜே. எம். ராப்சனும் ஈக்களை வாயுவில் காட்டினார்கள். அவர்பாக்கின் கைகள் வெந்து புண்ணானதுதான் அதற்கு அவர் கொடுத்த விலை. அடுத்தடுத்த தலைமுறை ஈக்களில் உயிர்கொல்லும் சடுதிமாற்றங்கள் கூட்டமாகத் தெரிந்தன. ரசாயனம் மரபணுவை மாற்றும் என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அதுதான் முதல்முறை, ஆனால் போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. டிஎன்ஏவின் வடிவமே அப்போது யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஒரே பொருள் ஒரு ஊரில் கட்டியைக் கரைக்கிறது, இன்னொரு ஊரில் மரபணுவைக் கெடுக்கிறது. நீங்கள் கேட்ட முரண்பாடு அன்றைக்கே மேசை மேல் இருந்தது.

மனிதர்களுக்குப் புற்றுநோய் தருகிறது என்பதற்குச் சாட்சி ஜப்பானிலிருந்து வந்தது. ஹிரோஷிமா மாவட்டத்தில் ஓக்குனோஷிமா என்று ஒரு குட்டித் தீவு, 1929 முதல் 1945 வரை ராணுவம் அங்கே ரகசியமாக விஷவாயுத் தொழிற்சாலை நடத்தியது, வரைபடத்திலிருந்தே தீவை எடுத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைப் பின்தொடர்ந்து 1968-இல் வெளியான ஆய்வில், சுவாசப் பாதைப் புற்றுநோயால் இறந்தவர்கள் 33 பேர். சாதாரணமாக அந்த அளவு கூட்டத்தில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே. பல வருடம் தினமும் சுவாசித்தவர்கள் அவர்கள், அதனால்தான் போர்க்களத்தில் ஓரிரு முறை மாட்டியவர்களைவிட இவர்களிடம் விளைவு இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்தது.

சரி, டிஎன்ஏவில் எங்கே ஒட்டினால் இது நடக்கிறது? 1960 வாக்கில் லண்டனில் பீட்டர் ப்ரூக்ஸ், ஃபிலிப் லாலி இருவரும் மஸ்டர்ட் குவானினின் ஏழாவது நைட்ரஜனில்தான் பெரும்பாலும் ஒட்டுகிறது, அதுவும் இரண்டு கையாலும் இரண்டு குவானின்களைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். எதிரெதிர் இழைகளில் இருக்கும் இரண்டு குவானின் இப்படிப் பிணைந்துவிட்டால் இழைகள் பிரிய முடியாது, படியெடுக்க முடியாது, செல் செத்துப்போகும். கட்டி கரைவதற்கு இது நல்ல விளக்கம். புற்றுநோய் வருவதற்கு?

அந்தப் பக்கக் கதை வேறொரு பொருளிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் கார்ஷல்டனில் இருந்த நச்சியல் ஆய்வுப் பிரிவில் ஜான் பார்ன்ஸும் பீட்டர் மகீயும் டைமெத்தில்நைட்ரோசமைனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்று என்டிஎம்ஏ என்று செய்தியில் வருவது இதுதான். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்பட்டது, கல்லீரலைக் கெடுக்கிறது என்று புகார் வந்தது. 1956-இல் அவர்கள் சொன்னது: உணவில் கொஞ்சம் கலந்து கொடுத்தாலே எலிகளுக்குக் கல்லீரலில் கட்டி வருகிறது. இந்தப் பொருள் தானாக எதிலும் ஒட்டாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். கல்லீரலில் இருக்கும் நொதி அதை உடைக்கும்போதுதான் மெத்திலை ஒட்டும் துண்டு பிறக்கிறது. விஷத்தைக் கழித்துவிடத்தான் கல்லீரல் அதைத் தொடுகிறது, தொட்டதால்தான் அது விஷமாகிறது. சைக்ளோபாஸ்பமைடும் இப்படித்தான், கல்லீரல் தொட்டபிறகே வேலை செய்யும்.

1962-இல் மகீயும் இமானுவேல் ஃபார்பரும் எலிக் கல்லீரல் டிஎன்ஏவில் ஏழாவது நைட்ரஜனில் மெத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள், விஷயம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் என்று ஒரு பொருள், எங்கள் ஆய்வகத்தில் சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகவே ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம். அது ஏழாவது நைட்ரஜனில் தாராளமாக ஒட்டும், ஆனால் புற்றுநோய் தருவதில் சோப்ளாங்கி. அதே அளவு ஒட்டுகிற மெத்தில்நைட்ரோசோயூரியாவோ பயங்கரமான புற்றுநோய்க்காரணி. ஒட்டும் எண்ணிக்கை ஒன்று, விளைவு வேறு. அப்படியானால் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த இடம் தவறு.

1969-இல் ஏ. லவ்லெஸ் என்பவர் சுட்டிக்காட்டியது குவானினின் ஆறாவது இடத்து ஆக்சிஜனை. மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் அங்கே ஒட்டுவது மொத்தத்தில் 0.3 சதவீதம் அளவுதான், மெத்தில்நைட்ரோசோயூரியா 6 முதல் 8 சதவீதம் வரை. எண்ணிக்கையில் சின்னது, ஆனால் அந்த ஆக்சிஜன் இருக்கும் இடம் அப்படி. குவானின் தன் ஜோடியான சைட்டோசினை அடையாளம் காண்பது அந்தப் பக்கத்தால்தான். அங்கே ஒரு மெத்தில் உட்கார்ந்துவிட்டால் படியெடுக்கும் நொதி ஏமாந்து எதிரில் தைமினை வைத்துவிடும், அடுத்த பிரிவில் தைமினுக்கு எதிரில் அடினின் வரும், ஜி (குவானின்) இருந்த இடத்தில் ஏ (அடினின்) நிரந்தரமாகிவிடும். செல்லுக்கு வலியே தெரியாது. ஏழாவது நைட்ரஜன் ஜோடி சேரும் பக்கத்தில் இல்லாததால் அங்கே ஒட்டினாலும் எழுத்து பெரும்பாலும் மாறுவதில்லை.

இது கருதுகோள்தானே, ஆதாரம் எங்கே என்றால், எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1974-இல் ஜெர்மனியில் கோத், ரயேவ்ஸ்கி இருவரும் செய்தது. பிறந்து பத்து நாளான எலிக்குட்டிகளுக்கு எத்தில்நைட்ரோசோயூரியா ஒரே ஒரு ஊசி போட்டால், வளர்ந்தபிறகு மூளையிலும் நரம்பிலும் கட்டி வரும், கல்லீரலில் வராது. ஆனால் மருந்து உடம்பெங்கும் சமமாகத்தான் பரவுகிறது, ஒட்டுவதும் கிட்டத்தட்ட சமம். பிறகு ஏன் மூளை மட்டும்? அவர்கள் ஒட்டிய துண்டுகள் எவ்வளவு வேகமாக மறைகின்றன என்று பார்த்தார்கள். ஆறாவது ஆக்சிஜனில் ஒட்டியதில் பாதி நீங்கக் கல்லீரலில் 30 மணி நேரம் போதும், மூளையில் 220 மணி நேரம். ஏழாவது நைட்ரஜனில் ஒட்டியது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனது. குட்டியின் மூளையில் செல்கள் அப்போது மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும் வேறு. சேதம் எங்கே விழுகிறது என்பதைவிட எங்கே நீக்கப்படாமல் கிடக்கிறது என்பதே கட்டியின் இடத்தை முடிவு செய்கிறது என்பதை ஒரே சோதனையில் காட்டிவிட்டார்கள்.

நீக்குவது யார்? 1977-இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்ஸும் பாக்டீரியாவில் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள், கொஞ்சம் அல்கைலேற்றி கொடுத்துப் பழக்கினால் பிறகு பெரிய அளவையும் தாங்குகிறது. அதற்குப் பின்னால் இருந்த புரதத்தைத் தேடிப் போனவர்களில் தோமஸ் லிண்டாலும் ஒருவர், டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காக 2015-இல் வேதியியல் நோபல் வாங்கியவர். நம் செல்லில் இருக்கும் அதன் உறவுக்காரப் புரதத்தின் பெயர் எம்ஜிஎம்டி. குவானினில் ஒட்டியிருக்கும் மெத்திலைப் பிடுங்கித் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது, தேனீ ஒரு முறை கொட்டினால் செத்துப்போவது மாதிரி. ஒரு மெத்திலுக்கு ஒரு புரதம். அதனால் அளவு முக்கியமாகிறது: சேதம் இருப்பில் உள்ள புரதத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை சமாளிக்கலாம், இருப்பு தீர்ந்ததும் மிச்சமெல்லாம் சடுதிமாற்றமாகப் போகும். 1993-இல் அமெரிக்காவில் இந்தப் புரதத்தைத் தைமஸ் சுரப்பியில் அதிகமாக உண்டாக்கும் சுண்டெலிகளை வளர்த்து மெத்தில்நைட்ரோசோயூரியா கொடுத்துப் பார்த்தார்கள், சாதாரண எலிகளுக்கு வரும் நிணநீர்ப் புற்றுநோய் இவற்றுக்குப் பெருமளவு வரவில்லை.

மரபணுவிலேயே கையும் களவுமாகப் பிடித்ததைச் சொல்லாமல் விட முடியாது. மும்பையில் முனைவர் பட்டம் முடித்து அமெரிக்கா போன சரஸ்வதி சுகுமார், 1983-இல் மரியானோ பார்பசிட் குழுவோடு சேர்ந்து, மெத்தில்நைட்ரோசோயூரியா கொடுத்த எலிகளின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார். செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இரண்டு வருடம் கழித்து நிறையக் கட்டிகளைப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அதே மாற்றம், பன்னிரண்டாவது குறியீட்டில் ஜி போய் ஏ. ஆறாவது ஆக்சிஜனில் மெத்தில் ஒட்டினால் என்ன எழுத்து மாற வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார்களோ அதே எழுத்து. அந்த மருந்து உடம்பில் சில மணி நேரம்கூட நிலைக்காது, எப்போதோ போட்ட ஊசியின் தடயம் மாதக்கணக்கில் கழித்து வந்த கட்டிக்குள் எழுதியிருக்கிறது.

ஆனால் 'ஆறாவது ஆக்சிஜன்தான் எல்லாம்' என்று நிறுத்தினால் அதுவும் அரைகுறை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வில்மிங்டன் என்ற ஊரில் 1990-களில் குழந்தைகளுக்கு வழக்கத்துக்கு மீறிப் புற்றுநோய் வந்தது. அங்குள்ள பழைய ரசாயன ஆலை நிலத்திலிருந்து குடிநீர்க் கிணறுகளுக்கு என்டிஎம்ஏ கசிந்திருந்தது பிறகு தெரிந்தது. கருவில் இருந்தபோது அந்தத் தண்ணீர் மூலம் பட்டதற்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று மாநில சுகாதாரத் துறை 2021-இல் சொன்னது, சிறிய ஊர், சிறிய எண்ணிக்கை என்பதால் அதை மிகுந்த கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அதே வருடம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெவின் எங்கல்வர்ட் குழு சுண்டெலிகளில் செய்த சோதனை வெளியானது. அவர்கள் பார்த்தது இன்னொரு பழுதுபார்ப்புப் புரதம், ஏஏஜி. அது அடினினில் மெத்தில் ஒட்டிய இடத்தை வெட்டி எடுக்கும். ஏஏஜி இல்லாத சுண்டெலிகளுக்கு என்டிஎம்ஏ கொடுத்தால் சடுதிமாற்றம் குவிந்து கல்லீரலில் புற்றுநோய் வந்தது. சரி, அப்படியென்றால் ஏஏஜி நிறைய இருந்தால் நல்லதுதானே? இல்லை. அளவுக்கு மீறி இருந்த சுண்டெலிகளில் சடுதிமாற்றம் குறைந்தது, புற்றுநோயும் குறைந்தது, ஆனால் கல்லீரல் செல்கள் கொத்தாகச் செத்தன, எலிகளே செத்தன. அந்தப் புரதம் வெட்டும் வேலையை மட்டும்தான் செய்யும், வெட்டிய இடத்தை மூடி ஒட்டுவது அடுத்த புரதங்களின் வேலை. வெட்டு வேகமாகி ஒட்டுவது பின்தங்கினால் டிஎன்ஏ கந்தலாகிவிடும். பழுதுபார்ப்பு அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் சாவு, கொஞ்சம் குறைந்தால் புற்றுநோய். ஒரே தண்ணீரைக் குடித்த இரண்டு பேருக்கு ஒரே முடிவு வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், ஏனென்றால் இந்தப் புரதங்களின் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது அத்தையின் மருந்துக்கு வருவோம். கீமோவில் நாம் வேண்டுமென்றே செல்லைச் சாகடிக்கும் பக்கத்துக்குத் தள்ளுகிறோம். சைக்ளோபாஸ்பமைடிலிருந்து பிறக்கும் பாஸ்பரமைடு மஸ்டர்ட், நான் மேலே சொன்ன மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இழைகளைப் பூட்டுகிறது, வேகமாகப் பிரியும் புற்றுச் செல்லுக்கு அதைச் சரிசெய்ய அவகாசம் இருக்காது. ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் சில செல்களுக்கு அடி விழும், அவற்றில் ஒன்றிரண்டு சாகாமல் தவறோடு பிழைக்கலாம். அதனால் சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் ரத்தப் புற்றுநோய் வருகிறது, ஐந்தாவது அல்லது ஏழாவது குரோமோசோமின் பகுதியோ முழுதுமோ காணாமல் போயிருப்பது அதன் வழக்கமான அடையாளம். ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1960-களில் அமெரிக்காவில் வந்த நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் நைட்ரஜன் மஸ்டர்டே இருந்தது. அது பலரைக் குணப்படுத்தியது, பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. பிறகு மிலானில் உருவான வேறு கூட்டு அதன் இடத்தைப் பிடித்ததற்கு இது முக்கியமான காரணம்.

இந்தக் குடும்பத்தில் மெல்ஃபலான் என்ற இன்னொரு கீமோ மருந்தோடு ஒப்பிட்டால் சைக்ளோபாஸ்பமைடு மஜ்ஜைக்குக் கொஞ்சம் கருணை காட்டும், ஏனென்றால் மஜ்ஜையின் தாய்ச் செல்களில் அதைச் செயலிழக்க வைக்கும் நொதி தாராளமாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவில் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சிகிச்சை செய்யாமல் விட்டால் மார்பகப் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்போ அதைப்போல் பல மடங்கு. சிறுநீர்ப்பை வேறு விஷயம். இந்த மருந்து உடையும்போது அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் பொருளும் வரும், அது சிறுநீரில் தங்கிப் பையின் உட்சுவரைப் புண்ணாக்கும், நீண்ட நாள் அதிக அளவு எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வந்திருக்கிறது. நிறையத் தண்ணீர் குடி, சிறுநீரை அடக்காதே என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான், அதிக அளவு ஏற்றும்போது அக்ரோலினைப் பிடித்துக்கொள்ள மெஸ்னா என்ற மருந்தும் சேர்ப்பார்கள். ஆகவே நீங்கள் பார்த்த பட்டியல் தவறு இல்லை. ஒரு பொருளால் புற்றுநோய் தர முடியும் என்பதற்கு எவ்வளவு உறுதியான சான்று இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தப் பட்டியல் சொல்லும், எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்லாது.

ரானிடிடின் விஷயம் இதே குடும்பம்தான், ஆனால் அளவு வேறு உலகம். முதலில் 2018-இல் ரத்த அழுத்த மாத்திரை வால்சார்ட்டனில் என்டிஎம்ஏ அகப்பட்டது. தயாரிப்பு முறையை மாற்றியபோது கரைப்பானிலிருந்து வந்த டைமெத்தில்அமைனும், பிறகு சேர்த்த சோடியம் நைட்ரைட்டும் சந்தித்துக்கொண்டதுதான் காரணம். வேதியியல் படித்த யாராவது அந்தச் செய்முறையை நிதானமாகப் படித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம், கொஞ்சம் கோபமும்கூட. 2019-இல் ரானிடிடின். இதில் கலப்படமே தேவையில்லை, அந்த மூலக்கூறே சூட்டிலும் நாள்பட வைத்தாலும் உடைந்து என்டிஎம்ஏவைத் தரும். அமெரிக்கா 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் நீங்கியது. அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு நாளைக்கு 96 நானோகிராம், எழுபது வருடம் தினமும் எடுத்தால் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம் என்ற கணக்கில் வைத்தது. வால்சார்ட்டன் எடுத்தவர்களை டென்மார்க்கில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டதில், குறுகிய காலத்தில் மொத்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே எப்போதோ வயிற்று எரிச்சலுக்கு ரானிடிடின் போட்டதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது வீட்டில் பழைய அட்டை கிடந்தால் போடாதீர்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

மிகச் சிறிய அளவை உடம்பு சமாளித்துவிடும் என்பதற்குச் சான்று உண்டா என்றும் கேட்பீர்கள். 2007-இல் விராசெப்ட் என்ற எச்ஐவி மருந்தில் எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் கலந்துபோய் ஐரோப்பாவில் திரும்பப் பெற்றார்கள். அது நம் ஊர் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் உளுந்து விதையில் சடுதிமாற்றம் உண்டாக்கப் பயன்படுத்துகிற அதே ரசாயனம். நோயாளிகளுக்கு என்ன ஆகும் என்று அறிய, தயாரித்த நிறுவனம் சுண்டெலிகளில் பல அளவுகளில் சோதித்தது. ஒரு குறிப்பிட்ட அளவு வரை சடுதிமாற்றம் கூடவே இல்லை, அதற்கு மேல் போனதும் ஏறத் தொடங்கியது. பழுதுபார்ப்பு ஈடுகொடுக்கும்வரை பாதிப்பு தெரியாத ஒரு எல்லை இருக்கிறது என்பது இந்த ஒரு பொருளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லா அல்கைலேற்றிக்கும் இப்படி இருக்கும் என்று இதை வைத்து நீட்டக் கூடாது.

மாத்திரையில் நானோகிராம் கணக்குப் பார்த்துப் பதறுகிற நாம், என்டிஎம்ஏவின் குடும்பமான நைட்ரோசமைன்களை மைக்ரோகிராம் கணக்கில் வாயில் அடக்கிக்கொள்வதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு மைக்ரோகிராம் என்றால் ஆயிரம் நானோகிராம். மெல்லும் புகையிலையில் ஒரு கிராமுக்குப் பல மைக்ரோகிராம் என்என்கே, என்என்என் என்ற நைட்ரோசமைன்கள் இருக்கும், இலையைப் பதப்படுத்திப் புளிக்க வைக்கும்போது நிக்கோட்டினிலிருந்தும் அதன் உறவுகளிலிருந்தும் உண்டாகின்றன. என்என்கே உடம்பில் உடைந்தால் வருவதும் அதே மெத்தில் ஒட்டும் துண்டுதான், கூடவே இன்னும் பெரிய ஒரு துண்டும். புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கு என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்களுக்கும் நல்ல செய்தி இல்லை. பாக்கில் உள்ள அரிகோலினும் நைட்ரோசமைனாக மாறக்கூடியது, அப்படி உண்டாகும் ஒன்று எலிகளுக்குக் கட்டி தந்திருக்கிறது, பாக்கையே நீங்கள் பார்த்த அதே பட்டியலின் முதல் பிரிவில் போட்டு 2004-இல் விளக்கமான அறிக்கை வந்துவிட்டது. அல்கைலேற்றி என்ற சொல்லைக் கேட்டு யாராவது பயப்பட வேண்டுமானால் தினமும் கன்னத்தில் புகையிலையை அடக்குபவர்தான் முதலில்.

கடைசிக் கேள்வி, துணி. சைக்ளோபாஸ்பமைடும் அதன் துண்டுகளும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், ஏற்றியபிறகு இரண்டு மூன்று நாள் வரை. மருந்து கலந்து கொடுக்கும் செவிலியர்களின் சிறுநீரிலேயே நுண்ணிய அளவில் இது அகப்பட்டிருக்கிறது, ஆகவே கவனம் தேவைதான், பீதி வேண்டாம். அந்த நாட்களில் சிறுநீரோ வாந்தியோ பட்ட துணியைக் கையுறை போட்டு எடுங்கள், மற்ற துணியோடு கலக்காமல் தனியாக இரண்டு முறை அலசுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். கழிவறையில் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடச் சொல்லுங்கள். மாத்திரையாகக் கொடுத்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வீட்டில் கர்ப்பமாக இருப்பவரோ பாலூட்டுபவரோ இருந்தால் இந்த வேலைகளை வேறு யாராவது செய்யட்டும், மேலே சொன்ன எலிக்குட்டியின் மூளையைப் போலவே கருவிலும் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். மற்றபடி அத்தை பக்கத்தில் உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம். சிலர் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒதுக்கி வைக்கிறார்கள், அதற்கு ஒரு காரணமும் இல்லை.